கேஷுவாலிட்டியில் முதல் இரண்டு நாள்: ஹால் வகுப்பா, பொம்மையா, கூடவே நிற்பதா?

தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிப்படி, எம்பிபிஎஸ் முடித்துப் பயிற்சியில் இருக்கும் ஹவுஸ் சர்ஜனுக்குக் கேஷுவாலிட்டியில் கிடைப்பதே இரண்டு வாரம்தான். எது எங்கே இருக்கிறது என்று பழகவே ஒரு வாரம் போனால் மிச்சம் என்ன? அதனால் முதல் இரண்டு நாளை எதற்குக் கொடுக்கிறோம் என்பது முக்கியம்.

ஹால் வகுப்பு சுலபம், செலவில்லை, ஒரே காலையில் எல்லோருக்கும் முடிந்துவிடும். ஆனால் நோயாளிகளை அவசரத்தைப் பொறுத்து சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிப்பதையும் ஏஆர் (விபத்துப் பதிவேடு) எழுதுவதையும் நாலு பக்கமாக செல்போனுக்கு அனுப்பினாலே போதுமே.

மனித உருவ பொம்மையில் செய்து பழகும் பயிற்சி அப்படியில்லை. இதயம் நின்றவருக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை நெஞ்சை அழுத்து என்று படித்திருப்போம், இரண்டு நிமிடத்தில் கை தளர்ந்துபோவது அழுத்திப் பார்த்தால்தான் தெரியும். பூச்சிமருந்து குடித்து வந்தவருக்கு மாற்றுமருந்தான அட்ரோபின் 3 மி.கி. என்று சொல்லிவிடலாம், ஆம்பூல் 0.6 மி.கி. என்றால் ஐந்து உடைக்க வேண்டும், நெஞ்சில் சளிச் சத்தம் அடங்கவில்லையென்றால் ஐந்து நிமிடத்தில் பத்து. உடைக்க மட்டுமே ஓர் ஆள் வேண்டும் என்பது செய்து பார்க்கும்போதுதான் உறைக்கும்.

ஆனால் பொம்மைக்கு நம் வார்டு தெரியாது. என் முதல் வாரத்தில் பாம்புக்கடி கேஸ் ஒன்று, ரத்தம் 20 நிமிடத்தில் உறைகிறதா என்று பார்க்கும் சோதனைக்கு ரத்தத்தை பிளாஸ்டிக் டியூபில் விடப் போனேன். "டாக்டர், அதில் சரியா உறையாது, கண்ணாடி டியூப் ஜன்னலோர டிரேயில் இருக்கு" என்று ஸ்டாஃப் நர்ஸ் அக்கா தடுத்தார். அந்த டிரே எந்த ஸ்லைடிலும் இல்லை, வேலை பார்க்கும் டாக்டரோடு கூட நின்றால்தான் தெரியும். இங்கிலாந்தில் ஆகஸ்டில் பொறுப்பேற்கும் புது டாக்டர்களை, 2012 முதல், பொறுப்பேற்கும் முன்பே குறைந்தது நான்கு நாள் சம்பளத்தோடு கூடவே நிற்க வைக்கிறார்கள்.

கூட நிற்பதிலும் குறை உண்டு. வந்த கேஸைத்தான் பார்க்கலாம், கூட்டமான ராத்திரியில் யாரும் நின்று விளக்க மாட்டார்கள்.

என்னைக் கேட்டால் அரை நாள் பொம்மை, அப்புறம் இரண்டு ஷிஃப்ட் கூட நிற்பது, அதில் ஒன்று கட்டாயம் நைட். கண்ணாடி டியூப் எங்கே, மூச்சுக்குழாயில் டியூப் போட உதவும் லாரிங்கோஸ்கோப்பின் பல்ப் எரிகிறதா என்று எடுத்துக் காட்டினால்தான் ஸ்டாஃப் நர்ஸ் கையெழுத்துப் போட வேண்டும். கூட நிற்க வந்தவரை சாம்பிளோடு லேபுக்கு ஓடவிடக் கூடாது, அந்த இரண்டு ஷிஃப்டுக்கும் ட்யூட்டி லிஸ்டில் அவர் பெயரே இருக்கக் கூடாது.