முள்ளில்லா ராஸ்பெரியா, மல்பெரியா: உவர்நீர்க் கொல்லைக்கு எது?

சீமைக் கருவேல முள் செருப்பில் ஏறாமல் ஒரு வாரம் கழியாத ஊர்க்காரருக்கு, முள்ளே இல்லாத பழச்செடி என்ற பேச்சு காதில் விழுந்தால் ஆசை வருவது இயல்பே. ராமநாதபுரம் மாவட்டத்துத் தேவிபட்டினத்துக்கு வடக்கே, கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் எங்கள் கொல்லையில் பேத்தி தானே பறித்துத் தின்னும்படி எதையாவது வைக்க நினைத்து, இணையவழியில் வரவழைத்த இரண்டு முள்ளில்லா ராஸ்பெரிக் கன்றுகளையும், பரமக்குடிப் பக்கத்து உறவினர் வீட்டிலிருந்து கொண்டுவந்த நான்கு மல்பெரிக் குச்சிகளையும் ஒரே ஐப்பசியில் நட்டேன். மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இப்போது நிற்பது மல்பெரி மட்டுமே என்பதால், என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முள்ளைப் பொறுத்தவரை பேச ஒன்றுமில்லை. இரண்டிலும் கை கிழியாது. சுவையில் ராஸ்பெரிதான் மேல். கொடைக்கானலில் வேலியோரம் பறித்துத் தின்ற முள்ளுள்ள காட்டு ராஸ்பெரியின் அந்தப் புளிப்பும் மணமும் மல்பெரியில் கிடையா. பழுத்த ராஸ்பெரியை இழுத்தால் நடுத்தண்டு செடியிலேயே நின்றுவிட, பழம் மட்டும் விரல்நுனியில் குல்லாய் போலக் கழன்று வரும். மல்பெரியோ காம்போடுதான் வரும், அந்தக் காம்பைத் துப்பவேண்டியிருக்கும்.

அடுத்தது குளிர். ராஸ்பெரியின் தண்டு வழக்கமாக முதல் ஆண்டு வளர்ந்து, குளிரில் உறங்கி, இரண்டாம் ஆண்டு காய்த்து, பிறகு பட்டுப்போகும். அந்த உறக்கத்துக்குப் பெரும்பாலான ரகங்கள் 7 டிகிரியை ஒட்டிய குளிரை 800 மணி நேரத்துக்கு மேல் கேட்கின்றன. எங்கள் கடற்கரையில் மார்கழி இரவில்கூட 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. ‘ஜோன் ஜே’ போன்ற சில முள்ளில்லா ரகங்கள் முதல் ஆண்டுத் தண்டிலேயே காய்ப்பவை என்பதால், குளிர்த்தடையை ஓரளவு தாண்டிவிடலாம் என்று கணக்குப் போட்டுத்தான் அந்த ரகத்தைத் தேடி வாங்கினேன். கணக்கு முழுத் தவறு என்று சொல்லமாட்டேன். தை மாதத்தில் ஒரு செடியில் ஏழு பூக்கள் வந்தன, இரண்டு பழங்கள் திரண்டன.

அவற்றைத் தோற்கடித்தது வெயிலைக் காட்டிலும் தண்ணீர்தான். எங்கள் கிணற்று நீரில் மீட்டரை நனைத்தால் டிடிஎஸ், அதாவது நீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, லிட்டருக்கு 1,900 மில்லிகிராம் என்று காட்டுகிறது. கோடையில் இன்னும் ஏறும். ராஸ்பெரி, ஸ்ட்ராபெரி வகைகள் உப்பைத் தாங்காத பயிர்களின் வரிசையில் முன்னால் நிற்பவை. வேர் மேலாகவே ஓடும். நான் வைத்ததுபோலத் தொட்டியில் வைத்தால், ஊற்றிய நீர் ஆவியாகி உப்பு மட்டும் மண்ணில் தங்கிவிடும். மாசியில் இலை விளிம்பு பீடி நுனி போலக் கருகத் தொடங்கியது. உரம் குறைவோ என்று எண்ணி இன்னும் ஒரு பிடி போட்டது என் மடமை; உரமும் உப்புத்தானே. தொட்டியின் வாயோரம் வெள்ளைப் பொருக்கு படிந்திருப்பதைப் பார்த்த பிறகுதான் விஷயம் விளங்கியது.

அதன்பின் நல்ல தண்ணீருக்கு மாறினேன். தொட்டிக்கு நாளுக்கு மூன்று லிட்டர் வீதம் இரண்டு தொட்டிக்கு ஆறு லிட்டர். பங்குனியிலிருந்து ஐந்து மாதத்துக்கு ஏறத்தாழ 900 லிட்டர், அதாவது 15 லிட்டர் குடத்தில் 60 குடம். குடம் பத்து ரூபாய் என்று வைத்தாலும் அறுநூறு ரூபாயில் முடிந்துவிடும் செலவுதான். ஆனால் தெருவில் பெண்கள் குடங்களை அடுக்கிய தள்ளுவண்டியோடு வரிசையில் நிற்கும் வைகாசியில், குடிக்கிற தண்ணீரை இரண்டு பழம் காய்த்த செடிக்கு ஊற்ற எனக்குக் கை வரவில்லை. பனையோலைப் பந்தலுக்கடியில் இருந்தும், கச்சான் என்கிற மேற்குக் காற்று அடித்த ஆனியில் ஒன்றும், அடுத்த மாதம் மற்றதும் பட்டுப்போயின.

மல்பெரிக்கு அதே கிணற்று நீர்தான். கீழிலைகள் அதிலும் விளிம்பில் பழுக்கின்றன. ஆனால் வேர் ஆழமாக இறங்கிவிடுவதாலும், ஐப்பசி கார்த்திகை மழை தரையிலுள்ள உப்பைக் கழுவிக் கீழே தள்ளிவிடுவதாலும், மரம் அதைப் பொருட்படுத்துவதில்லை. நட்ட முதல் கோடையில் மட்டும் மூன்று நாளுக்கொரு முறை நீர் விட்டேன். இப்போது வாரம் ஒரு முறை. கிளைகளை வெட்டி இலைகளை உருவிவிட்டால், புதுத் துளிரோடேயே காயும் வரும். சென்ற ஆண்டு மூன்று முறை வெட்டினேன், மூன்று முறையும் காய்த்தது. வெட்டிய தழை பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் போனது. அவ்வீட்டு அத்தை இன்றுவரை அதைப் பட்டுப்பூச்சிச் செடி என்றுதான் சொல்கிறார்.

குறைகளும் உண்டு. பழம் மறுநாளே கசிந்துவிடும், மைனாக்கள் விடியலிலேயே வந்துவிடும், நுனித் துளிரில் மாவுப்பூச்சி பிடித்தால் இலை சுருண்டு முறுக்கிக்கொள்ளும். அந்த நுனியைக் கிள்ளி எரித்துவிடுகிறேன், இதுவரை அதற்கு மேல் தேவைப்படவில்லை. என் அனுபவம் ஒரு கிணறு, நான்கு மரம், மூன்று கோடை அளவுக்குத்தான். உப்பளத்தை ஒட்டிய மண்ணில் மல்பெரியும் இப்படியே நிற்கும் என்று நான் உறுதி கூறமாட்டேன். அங்கே முள்ளைப் பொறுத்துக்கொண்டு களா வைப்பவரே சாமர்த்தியசாலி.

மாடி மழைநீரை நிலத்தடித் தொட்டியில் சேர்த்து வைத்திருப்பவர் ராஸ்பெரியை ஒரு பருவச் செடியாக எண்ணி, ஐப்பசியில் வைத்துப் பங்குனியோடு முடித்துக்கொள்ளலாம். மல்பெரி வைப்பவர் பென்சில் கனத்தில் முக்கால் அடிக் குச்சியை, முதல் மழை இறங்கியதும், மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் இருக்குமாறு ஊன்றினால் போதும். துணி காயப்போடும் கொடியிலிருந்து பத்தடியாவது தள்ளி ஊன்றவும். பழக்கறை ஏறிய என் வெள்ளை வேட்டிகளில் இரண்டு இப்போது தோட்ட வேலைக்கு மட்டுமே ஆகின்றன.