13 பாகை அட்சரேகையில் ஒரு தொலைநோக்கித் தூண்: மூன்று கோடைக்குப் பிறகு

தோட்டத்தில் தொலைநோக்கிக்கு நிரந்தரத் தூண் கட்டலாமா என்று காட்பாடி நண்பர் கேட்டார். மூன்று கோடையும் மூன்று ஐப்பசி மழையும் தாங்கிய தூணைப் பற்றித்தான் இந்தப் பதில்.

அசைவு துளியும் இல்லை. மொட்டை மாடி முக்காலியில் பக்கத்தில் ஆள் நடந்தாலே வியாழன் துள்ளும். இதில் அது கிடையாது. 3 அடி நீளம், அகலம், ஆழத்தில் குழி, சிமென்ட், மணல், ஜல்லி 1:1.5:3 கலவை, நான்கு 12 மி.மீ. கம்பி, மூன்று வாரம் ஈரச்சாக்கு. தூணுக்கும் சுற்றுத் தளத்துக்கும் நடுவே ஓர் அங்குல இடைவெளி கட்டாயம். கொத்தனார் அதைப் பூசி மூடப் பார்ப்பார், விடாதீர்கள். மூடினால் தளத்தில் வைக்கும் ஒவ்வொரு அடியும் ஐபீஸில், அதாவது கண் வைத்துப் பார்க்கும் வில்லையில், தெரியும்.

தீராத எரிச்சல் நம் அட்சரேகைதான். வேலூர் ஏறத்தாழ 13 பாகை. தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் மவுண்டில், வான துருவத்தை நோக்க வேண்டிய துருவ அச்சு இங்கே படுத்தே கிடக்கும். கிழக்கே உதிப்பதையோ மேற்கே சாய்வதையோ பார்க்கும்போது தொலைநோக்கியின் எடையைச் சமன்செய்யும் எதிர்எடைத் தண்டு ஏறத்தாழ நேர் கீழே தொங்கி, 12 அங்குலப் பருமனுள்ள தூணில் இடிக்கும். மோட்டார் முக்கும், கிளட்ச் நழுவும், குறி போய்விடும். பருத்த தூணே பலம் என்று எழுதுபவர்கள் 40, 50 பாகை ஊர்க்காரர்கள். இங்கே கான்கிரீட் முழங்கால் உயரத்தோடு நிற்கட்டும். அதற்கு மேல் 6 அங்குல இரும்புக் குழாய், இரண்டரை அடி, உள்ளே காய்ந்த மணல். மணல் இல்லாத குழாய் தட்டினால் மணிபோல அதிரும்.

காவலூர் வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கியும் ஏறத்தாழ இதே அட்சரேகையில்தான் இருக்கிறது. அதன் அச்சைக் குதிரை லாட வடிவ அமைப்பு இரு முனையிலும் தாங்குவதால் எதிர்எடைத் தொல்லையே இல்லை. அந்த வசதி வீட்டு மவுண்டுக்கு ஏது?

அச்சைத் துருவத்துக்கு நேராக்க உதவும் துருவ நட்சத்திரமும் 13 பாகை உயரத்தில்தான். வடக்கே ஒரு மாடிவீடோ தென்னையோ போதும், மறைந்துவிடும். அப்போது அச்சைச் சரிபார்க்க நடுவானில், வான நடுக்கோட்டருகே (பூமத்திய ரேகைக்கு நேர் மேலான வானக் கோடு) ஒரு நட்சத்திரத்தை ஐபீஸின் நடுவே நிறுத்திப் பாருங்கள்: தெற்கே நகர்ந்தால் அச்சு கிழக்கே அதிகம் திரும்பியிருக்கிறது, வடக்கே நகர்ந்தால் மேற்கே. பிறகு கிழக்கே தாழ்ந்த ஒன்று: தெற்கே நகர்ந்தால் அச்சு தாழ்வு, வடக்கே என்றால் உயர்வு. உயரத் திருகைத் திருப்பும்போது மவுண்டின் எடையை ஒரு கையால் தாங்குங்கள். பாரத்தோடு திருகினால் போல்ட் வளையும்.

தூணின் உறுதியில் குறையே இல்லை. ஆனாலும் நண்பருக்கு என் பதில்: கட்டாதீர்கள். படம் எடுக்கும் எண்ணம் இல்லையென்றால் 8 அங்குல டாப்சோனியன் (மேலும் கீழும், பக்கவாட்டிலும் கையால் திருப்பும் எளிய தொலைநோக்கி) வாங்கி மண் தரையில் வையுங்கள். துருவமும் வேண்டாம், எதிர்எடையும் வேண்டாம்.