வெள்ளத்தில் சாய்ந்த சுவரும் வீட்டு இன்சூரன்சும்: என் அனுபவம்

2017 நவம்பர் 30, ஒக்கி புயல் அடித்தபோது எங்கள் வீட்டு ஓடு பாதி பறந்தது, பின்னால் நின்ற ரப்பர் மரங்களும் சாய்ந்தன. அப்போது இன்சூரன்ஸ் கிடையாது. பிறகு வீட்டைச் சரிசெய்ய வங்கியில் கடன் வாங்கினபோது அவர்களே ஒரு பாலிசியைத் தலையில் கட்டினார்கள். வருடாவருடம் பணம் போகும், பேப்பர் வரும், அலமாரிக்குள் போய்விடும். 2021 ஏப்ரல் 1 முதல் எல்லா கம்பெனியும் வீடுகளுக்கு ஒரே மாதிரி பாலிசி தர வேண்டும் என்று வந்ததால், அந்த வருடம் புதுப்பித்தபோது அது பாரத் கிருஹ ரக்ஷாவாக மாறியிருந்தது. எனக்கு அதுகூடத் தெரியாது.

அதே வருடம் நவம்பரில் பெய்த மழை குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு மறந்திருக்காது. எங்கள் வீடு குழித்துறை பக்கம், சரிவான மனை. ராத்திரியோடு ராத்திரியாகப் பின்பக்கத்துக் கருங்கல் சுவர் மண்ணோடு சரிந்து, அடுக்களைச் சுவரை இடித்துக்கொண்டு தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. வீட்டுக்காரர் குவைத்தில். நானும் மாமியாரும் பிள்ளைகளும்தான்.

மறுநாளே போன் பண்ணிச் சொல்லிவிட்டேன், ஆனால் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வரும்வரை சகதியோடு இருக்க முடியுமா? கழுவித் தள்ளினோம். போட்டோ எடுத்தது ஏழோ எட்டோ. ஆறாம் நாள் வந்தவர் வீடு பளிச்சென்று இருப்பதைப் பார்த்துவிட்டு, தண்ணீர் எவ்வளவு நின்றது என்று கேட்டார். பீரோவை நகர்த்திப் பின்னாலிருந்த சேற்றுக் கோட்டைக் காட்டினேன். நல்லவேளை அதை மட்டும் யாரும் கழுவியிருக்கவில்லை.

நான் கேட்டது 4,12,000 ரூபாய். சுவருக்கு 1,90,000, அடுக்களை, தரை, வயரிங்குக்கு 1,25,000, ஃபிரிட்ஜ் வாஷிங்மெஷின் கட்டில் வகைக்கு 62,000, காயப்போட்டிருந்த ரப்பர் ஷீட்டுக்கும் ஷீட் அடிக்கும் ரோலருக்கும் 35,000. இரண்டு மாதம் கழித்து மெயிலில் வந்தது 91,250. கூடவே "முழுத் தீர்வாக ஏற்கிறேன்" என்று கையெழுத்துப் போட ஒரு வவுச்சர். போடவில்லை.

முதலில் சர்வே ரிப்போர்ட்டின் நகலை எழுதிக் கேட்டேன். கேட்டால் தரவேண்டியது அது, ஆனால் நாமாகக் கேட்கும்வரை யாரும் கொண்டுவந்து தரமாட்டார்கள். அதைப் படித்த பிறகுதான் பணம் எங்கே போனதென்று புரிந்தது. சுவர் நாள்பட்டுத் தானாகத் தாழ்ந்து விழுந்தது என்று சொல்லி அதற்குப் பூஜ்யம். அடுக்களை வகையில் வீட்டுக்கு வயதாகிவிட்டதென்று 40 சதவீதத் தேய்மானம், மிச்சத்தில் வீட்டு மதிப்பைக் குறைத்துக் காட்டி இன்சூர் பண்ணியதாக மறுபடி கால்வாசி வெட்டு. ஃபிரிட்ஜ், கட்டில் வகையில் பில் இல்லாததையெல்லாம் கழித்துவிட்டு 35,000 மட்டும் போட்டிருந்தார்.

அப்புறம்தான் அலமாரியிலிருந்த பாலிசியை எடுத்து வரிவரியாகப் படித்தேன். காம்பவுண்டு சுவரும் மண்ணைத் தாங்கும் சுவரும் வீட்டுக் கட்டடத்தில் சேர்ந்தவை என்று அதிலேயே இருக்கிறது. தொகை குறைவாக இன்சூர் பண்ணியதற்காக விகிதம் போட்டு வெட்டமாட்டோம் என்றும் இருக்கிறது. கட்டடத்துக்குத் திரும்பச் சரிசெய்யும் செலவைத் தர வேண்டும், வயதைக் காட்டித் தேய்மானம் கழிக்க இடமில்லை. அந்த சர்வேயர் பழைய தீ பாலிசிக் கணக்கையே கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

சுவர் விஷயம்தான் கஷ்டம், தானாக விழவில்லை என்று எப்படிக் காட்டுவது? கொத்தனார் அண்ணன்தான் கேட்டார், "மழைக்கு முன்ன எடுத்த போட்டோ ஒண்ணும் இல்லியா?" தேடினால் 2020 கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகள் குடில் கட்டி ஸ்டார் தொங்கவிட்டு எடுத்த படம், பின்னால் அதே சுவர், ஒரு வெடிப்பில்லாமல் நேராக நிற்கிறது. அதோடு அந்த வாரத்துப் பேப்பரில் குழித்துறை, பேச்சிப்பாறை, கோழிப்போர்விளை என்று மழையளவு போட்டிருந்த கட்டிங், கிராம நிர்வாக அலுவலரிடம் வாங்கிய சேதச் சான்று, எல்லாம் சேர்த்துக் கம்பெனியின் குறைதீர்க்கும் அதிகாரிக்கு அனுப்பினேன். முப்பது நாள் ஆகியும் பதில் இல்லை.

அடுத்தது சென்னையில் இருக்கும் இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மேன், அதாவது கம்பெனிகள் மீதான புகாரை விசாரித்துத் தீர்ப்பவர். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். கம்பெனி மறுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும், அதே விஷயத்துக்கு நுகர்வோர் கோர்ட்டில் வழக்கு நடக்கக் கூடாது. விசாரணை வீடியோவில்தான் நடந்தது, தக்கலையைத் தாண்டக்கூட வேண்டியிருக்கவில்லை. கம்பெனிக்காரர் பழைய பல்லவியையே பாடினார். நான் பாலிசியின் பக்க எண்ணைச் சொன்னேன், குடில் படத்தைக் காட்டினேன். அவ்வளவுதான், இருபது நிமிடம்கூட இருக்காது.

சுவருக்கு 1,60,000, கட்டடத்துக்கு வெட்டில்லாமல் 1,25,000, பொருளுக்கு அதே 35,000. ஆக 3,20,000. வெள்ளம் வந்து கிட்டத்தட்ட பதினோரு மாதம் கழித்துக் கணக்கில் விழுந்தது. அதற்குள் சுவரைக் கடன் வாங்கிக் கட்டி முடித்திருந்தோம், வட்டியை யார் தருவார்?

பாலிசியை இன்னும் விடவில்லை. பிரீமியம் பெரிய தொகையும் இல்லை. ஆனால் கிளெய்மைக் கையாண்ட விதத்துக்கு ஐந்தில் ஒன்றரைதான் கொடுப்பேன்.

ரப்பர் ஷீட்டுக்குக் கடைசிவரை ஒன்றும் கிடைக்கவில்லை. விற்க வைத்திருக்கும் சரக்கு வீட்டுச் சாமானில் சேராது, அது சரியான மறுப்புதான், நான் கேட்டிருக்கவே கூடாது. மாமியாரிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். "வீட்டுக்குள்ள கெடந்தது பின்ன ஆருக்க சாமானாம்?" என்கிறார் இன்றுவரை.