மெய்ன் கடற்கரையில் லாப்ஸ்டர் ரோல்: படகுத்துறையா, சாலையோரக் கடையா, நகரத்து உணவகமா?

கோடை விடுமுறைக்கு அமெரிக்காவின் மெய்ன் கடற்கரைக்குப் போகிறவர்கள், தங்கும் இடத்தைப் பதிவு செய்த கையோடு கேட்கும் அடுத்த கேள்வி, பன்னுக்குள் சிங்கி இறால் சதையை வைத்துத் தரும் லாப்ஸ்டர் ரோலை எங்கே சாப்பிடுவது என்பதுதான். கடைகளுக்கு அங்கே பஞ்சமில்லை. கிட்டரியில் தொடங்கி வடகிழக்கே நெடுஞ்சாலை நீள நீள ஒவ்வொரு ஊரிலும் ஒன்றிரண்டு கண்ணில் படும். விலையோ ஒரு ரோலுக்கு 30 டாலரைச் சர்வசாதாரணமாகத் தொடுகிறது. நான்கு பேர் கொண்ட குடும்பம் தவறான கடையில் நின்றால் ஒரு நாள் சாப்பாட்டுச் செலவு வீணாகிவிடும்.

போன கோடையில் அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு போனபோது மூன்று வகைக் கடைகளுக்கு நடுவே நான் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. நான் எடுத்தது படகுத்துறை. இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

நம் ஊர் சிங்கி இறாலைப் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கம் வலையில் விழுவதற்குக் கொடுக்கு கிடையாது. வால் சதைதான் எல்லாம். மெய்ன் கடலில் கிடைப்பதற்கு இரண்டு பெரிய கொடுக்குகள் உண்டு. கொடுக்குச் சதை பஞ்சு போல இருக்கும், வால் சதை கொஞ்சம் இறுக்கமாக இருக்கும். கொடுக்கை உடலோடு சேர்க்கும் கணுக்களில் உள்ள சதைதான் எல்லாவற்றிலும் இனிப்பு. நல்ல ரோலில் மூன்றும் இருக்க வேண்டும். பன் மேல்பக்கம் பிளந்ததாக, இரு பக்கமும் தட்டையாக, வெண்ணெய் தடவித் தோசைக்கல் போன்ற இரும்புத் தகட்டில் வாட்டியதாக இருக்க வேண்டும். மெய்ன் பாணியில் சதை ஆறியிருக்கும், சிறிது மயோனைஸ் சேரும். கனெக்டிகட் பாணியில் சூடாக, உருக்கிய வெண்ணெயோடு வரும். இரண்டும் நன்றாகத்தான் இருக்கும், அதில் எனக்குச் சண்டை இல்லை.

முதலில் சாலையோரக் கடை. இந்த வகைக்கு ராஜா, விஸ்காசெட் ஊரில் ஷீப்ஸ்காட் ஆற்றுப் பாலத்துக்கு அருகே இருக்கும் ரெட்ஸ் ஈட்ஸ். சிவப்பு நிறத்தில் ஒரு சின்னப் பெட்டிக்கடை, அவ்வளவுதான். ஆனால் ஒரு ரோலில் ஒரு முழு இறாலின் சதைக்கும் மேலேயே வைக்கிறார்கள். கத்தி படாமல் கையால் பிய்த்த பெரிய பெரிய துண்டுகள். வெண்ணெயோ மயோனைஸோ தனிக் கிண்ணத்தில் வரும். சதையின் மீது இவ்வளவு நம்பிக்கை வைத்து, எதையும் கலக்காமல் கொடுக்கிற கடையை மதிக்கத்தான் வேண்டும். ஜூலை, ஆகஸ்ட் நண்பகல்களில் வரிசை நடைபாதை முழுக்க நீளும். ஒரு மணி நேரம் நிற்கத் தயாராகத்தான் போக வேண்டும், அதுவும் வெயிலில். எழுபதைத் தாண்டிய பெற்றோரை வைத்துக்கொண்டு அந்த வரிசையை நினைக்கவே மனம் வரவில்லை. இன்னொன்று என் ருசி சார்ந்தது: சதை அவ்வளவு குவிந்திருக்கும்போது பன் இருக்கிற இடமே தெரிவதில்லை. வாட்டிய ரொட்டியின் மொறுமொறுப்பும் சதையின் குளிர்ச்சியும் ஒரே கடியில் சேர்வதுதான் எனக்கு ரோல்.

நகரத்து உணவகம் என்றால் போர்ட்லாந்தில் மிடில் ஸ்ட்ரீட்டில் இருக்கும் ஈவன்டைட். 2012இல் தொடங்கிய கடை. அதன் சமையற்கலைஞர்கள் இருவரும் 2017இல் அமெரிக்கச் சமையல் உலகின் பெரிய விருதான ஜேம்ஸ் பியர்ட் விருது பெற்றார்கள். அங்கே ரோல் வேறு ஜாதி: ஆவியில் வெந்த மென்மையான சீன பாணி பன், பொன்னிறமாகக் காய்ச்சிய வெண்ணெயில் புரட்டிய சதை. நெய் காய்ச்சும்போது அடியில் சிவந்து வரும் கசண்டின் மணம் அதில் இருக்கிறது. நெய்ப் பிரியர்கள் எல்லாருக்கும் பிடிக்கும், எனக்கும் பிடிக்கும். ஆனால் அளவு சிறியது. மூன்று நான்கு கடியில் முடிந்துவிடும். சாப்பிட்டு முடித்ததும் நினைவில் நிற்பது வெண்ணெய்தான், இறால் பின்னால் போய்விடுகிறது. மழை நாளில், பிப்ரவரிக் குளிரில், போர்ட்லாந்தில் ஓர் இரவு மட்டும் தங்கும்போது அதைவிட நல்ல இடம் கிடையாது.

கென்னபங்க்போர்ட் பாலத்தருகே உள்ள தி கிளாம் ஷாக் வட்ட பன்னில் தருகிறது. அங்கே நான் அதிகம் சாப்பிட்டதில்லை என்பதால் தீர்ப்புச் சொல்லத் தயங்குகிறேன். கேப் எலிசபெத்தில் 1791இல் ஏற்றப்பட்ட போர்ட்லாந்து ஹெட் கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் நிற்கும் பைட் இன்டு மெய்ன் வண்டியில் கறித்தூள் சேர்த்த ரோல்கூட உண்டு. குழந்தைகளோடு கலங்கரை விளக்கம் பார்க்கப் போனால் தாராளமாக வாங்கிச் சாப்பிடலாம். கறித்தூள் வேண்டாம் என்பது என் ஆலோசனை, அது இறாலின் இனிப்பை அமுக்கிவிடும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பன், மயோனைஸ், காட்சி, விலை எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துவிட்டு ஒன்றே ஒன்றைக் கேளுங்கள்: சதை ஓட்டை விட்டு வெளியே வந்து எவ்வளவு நேரம் ஆகிறது?

கோடையின் தொடக்கத்தில் இந்த இறால்கள் பழைய ஓட்டைக் கழற்றிவிட்டுப் புது ஓட்டுக்கு மாறுகின்றன. கழற்றியதும் கடல்நீரை உள்ளே இழுத்து உடலை ஊதிப் பெரிதாக்கிக்கொள்ளும், அந்த அளவுக்குப் புது ஓடு உருவாகும். அதனால் ஜூலை முதல் அக்டோபர் வரை பிடிபடுகிறவற்றில் பெரும்பாலானவை கையால் அழுத்தினாலே அமுங்கும் மெல்லிய ஓட்டு இறால்கள். உள்ளூர்க்காரர்கள் ஷெட்டர் என்கிறார்கள். ஓட்டுக்கும் சதைக்கும் நடுவே உப்புநீர் நிற்கும், சதை குறைவாக இருக்கும். ஆனால் அந்தச் சதைக்கு ஈடு இல்லை. மெத்தென்று, இனிப்பாக, கடல் மணம் அடங்காமல் இருக்கும். கெட்டி ஓட்டு இறால் விமானம் ஏறி உலகம் சுற்றும். ஷெட்டர் நெடும்பயணத்தைத் தாங்காது, வழியிலேயே செத்துப்போகும். பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் பணம் கொட்டினாலும் எளிதில் கிடைக்காத ஒன்று மெய்ன் கரையில் கிடைக்கிறது என்றால், அது இதுதான்.

அதே சதைக்கு ஒரு பலவீனமும் உண்டு. ஓட்டிலிருந்து எடுத்ததும் நீர் விட ஆரம்பிக்கும். அவித்து உரித்த அன்றே சாப்பிட்டால் ஒவ்வொரு துண்டிலும் அந்த உப்புச் சாறு இருக்கும். டப்பாவில் அடைத்துக் குளிர்பெட்டியில் ஓரிரு நாள் வைத்தால் சாறெல்லாம் டப்பாவின் அடியில் தேங்கிவிடும், சதை நார் நாராகிவிடும். உறையவைத்து எடுத்தாலோ வால் துண்டு ரப்பர்தான், பன்னும் ஊறிப்போகும். நெடுஞ்சாலையோரத்தில் ஒரு கடையில் இப்படிப்பட்ட ரோலுக்கு நாங்களும் பணம் கொடுத்திருக்கிறோம். பெயர் வேண்டாம். கொடுக்குத் துண்டை எடுத்தால் அது கொடுக்கின் வடிவத்திலேயே இல்லை, சிதைந்து மயோனைஸில் மிதந்தது. மயோனைஸ் அதிகமாக இருக்கும் இடத்தில் எச்சரிக்கையாக இருங்கள். அது பல குறைகளை மூடும்.

படகுத்துறைக் கடை இந்த ஒரு காரணத்தால்தான் வெல்கிறது. நாங்கள் போனது தெற்குத் தாமஸ்டனில், ஸ்ப்ரூஸ் ஹெட் தீவில் இருக்கும் மெக்லூன்ஸ். ராக்லண்டிலிருந்து கிட்ட, போர்ட்லாந்திலிருந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரம். சிவப்புச் சுவர், அதில் தொங்கும் வண்ண மிதவைகள், வெளியே சில மேசைகள். பக்கத்திலேயே வேலை நடக்கிற துறை. படகு வந்து அணைகிறது, கொடுக்குகளில் ரப்பர் பட்டை மாட்டிய இறால்கள் பெட்டி பெட்டியாக இறங்குகின்றன. இறால் பிடிக்கும் கூண்டுகளுக்கு இரையாக வைக்கும் உப்பிட்ட மீனின் வாடை காற்றில் மிதந்து வரும். சிலர் முகம் சுளிப்பார்கள். தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்த என் அம்மா காரை விட்டு இறங்கியதும் நன்றாக மூச்சை இழுத்துவிட்டு, "கருவாட்டுக் கொட்டகை மாதிரி இருக்கிறது ஐயா" என்றார். அதற்குப் பிறகுதான் அவருக்கு அந்த ஊர் மீது நம்பிக்கையே வந்தது.

மயோனைஸைத் தனியாகத் தரச் சொன்னோம். அம்மா முதலில் ரோலைக் கடிக்கவில்லை. மேலே இருந்த கொடுக்குத் துண்டை விரலால் எடுத்து இரண்டாகப் பிரித்துப் பார்த்தார். வெளிப்புறம் சிவப்பு, உள்ளே பால் வெள்ளை, பிரித்த இடத்தில் சாறு கோத்து நின்றது. முகர்ந்தார். "இன்றைக்கு அவித்ததுதான்" என்று சொல்லிவிட்டு வாயில் போட்டுக்கொண்டார். சதை ஆறியிருந்தது, ஆனால் குளிர்பெட்டிச் சில்லிப்பு இல்லை. கணுச் சதையில் அந்த இனிப்பு தனியாகத் தெரிந்தது. பன் சூடாக இருந்ததால் வெண்ணெய் உருகி அடிக் காகிதத்தில் சாறோடு கலந்திருந்தது. கடைசியில் அப்பா பன் துண்டால் அதையும் துடைத்துச் சாப்பிட்டார்.

எந்த ஊருக்குப் போனாலும் நல்ல கடையை அடையாளம் காண நான் பார்ப்பது மூன்று. அதே சன்னலில் உயிருள்ள இறாலும் விற்கிறார்களா? முழு இறாலை அவித்தும் கொடுக்கிறார்களா, அதாவது அண்டா அடுப்பில் இருக்கிறதா? விலை அச்சடித்த பலகையில் நிரந்தரமாக இருக்கிறதா, அன்றன்றைக்குச் சாக்கட்டியால் எழுதுகிறார்களா? மூன்றும் சரியாக இருந்தால் காட்சி சுமாராக இருந்தாலும் உட்கார்ந்துவிடலாம்.

நாளையும் பார்த்துப் போங்கள். மெய்ன் சட்டப்படி ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை சனிக்கிழமை மாலை 4 மணியிலிருந்து திங்கட்கிழமை விடியலுக்குச் சற்று முன் வரை யாரும் கூண்டைத் தூக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சாப்பிடுவது சனிக்கிழமையோ அதற்கு முன்போ பிடித்தது. துறையில் உயிரோடு கடல்நீரில் வைத்திருந்து அவித்தால் அது பெரிய குறையில்லை, ஆனால் ஞாயிறு கூட்டமும் சேர்ந்துகொள்ளும். செவ்வாய், புதன் நல்ல நாட்கள். செப்டம்பர் முதல் வாரம் அமெரிக்கத் தொழிலாளர் தின விடுமுறை முடிந்த பிறகு இன்னும் நல்லது. கூட்டம் வடிந்திருக்கும், ஷெட்டர் நிறையக் கிடைக்கும். அக்டோபர் நடுவில் துறைக்கடைகளில் பெரும்பாலானவை பூட்டிவிடுகின்றன. குளிர்காலத்தில் கெட்டி ஓட்டு இறாலில் செய்த ரோலை நான் அவ்வளவாகச் சாப்பிட்டதில்லை, அதனால் அந்தப் பருவத்துக்கு என் கணக்கு பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

துறைக்கடைகளின் சங்கடங்களும் உண்மைதான். உட்கார்வதற்கு மரப் பெஞ்சு, தலைக்கு மேல் கூரை இருப்பது அதிர்ஷ்டம், மழை வந்தால் காருக்குள் சாப்பிட வேண்டியதுதான். கடற்காக்கைகள் தட்டை விட்டு வைக்காது. போய் வர ஒரு பாதி நாள் போகும். மீன் சாப்பிடாத ஒருவர் குழுவில் இருந்தால் அவருக்கு உருப்படியாக ஒன்றும் கிடைக்காது, அவருக்காகப் போர்ட்லாந்தே மேல்.

ஸ்ப்ரூஸ் ஹெட் வரை போக நேரமில்லாதவர்களுக்கு இன்னொரு துறை இருக்கிறது. பாத் நகரத்தைத் தாண்டி, ஆற்றுப் பாலம் கடந்ததும் தெற்கே திரும்பும் 127ஆம் சாலையில் கடைசி வரை போனால் ஜார்ஜ்டவுனில் ஃபைவ் ஐலண்ட்ஸ் என்ற கடை வரும். சாலை அங்கேயே முடிகிறது, அதற்கப்பால் தண்ணீரும் பைன் மரங்கள் அடர்ந்த தீவுகளும்தான். விஸ்காசெட்டில் வரிசை கண்ணுக்கெட்டும் தூரம் நின்றால், காரைத் திருப்பி அங்கே போய்விடுங்கள்.