நம்ம மாம்பழம், யார் பெயரில்? நான்கு இடத்து லேபிள்கள்

போச்சம்பள்ளிப் பக்கம் தோப்பு வைத்திருக்கும் மாமா, ஜூன் வந்தால் பெங்களூரா மாங்காயை லோடு ஏற்றி மாங்கூழ் ஆலைக்கு அனுப்புவார். "எடை போட்டதோட நம்ம கணக்கு முடிஞ்சுதுப்பா" என்பார். அந்தக் கூழ் டிரம்மில் கப்பலேறி, வேறொரு நாட்டில் ஜூஸாகிறது. பாட்டிலில் எந்த நாட்டின் பெயர் வரும்?

இந்திய விதிப்படி இறக்குமதி உணவில் உற்பத்தி நாட்டைப் போட்டே ஆக வேண்டும். ஆனால் இரண்டாவது நாட்டில் பதப்படுத்தும்போது பொருளின் தன்மையே மாறிவிட்டால், பதப்படுத்திய நாடுதான் உற்பத்தி நாடு. விளைந்த மண் கணக்கில் வராது. எழுத்தும் பொடி எழுத்து. போன வாரம் கிருஷ்ணகிரி கடையில் பேரீச்சம்பழம் வாங்கினேன். "890-ல ஆரம்பிக்குது பாருங்க, நம்ம நாட்டுதுதான்" என்றார் கடைக்காரர். பாக்கெட்டைத் திருப்பினால், மடிப்புக்குள் 'ஈரான்'. பார்கோடின் 890, அந்த எண்ணை நிறுவனம் இந்தியாவில் வாங்கியது என்று மட்டும்தான் சொல்லும். விளைந்த இடத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நிறையப் பேர் இதில்தான் ஏமாறுகிறோம்.

ஆஸ்திரேலியாவில் 2018 ஜூலை 1 முதல் வேறு முறை கட்டாயம். அங்கேயே தயாரான பொருளில் கங்காரு படம், அதன் கீழே ஒரு பட்டை. உள்நாட்டு மூலப்பொருள் எத்தனை சதவீதமோ அந்த அளவுக்குப் பட்டை நிறைந்திருக்கும். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவருக்கும் புரியும், அதுதான் எனக்குப் பிடித்தது. ஆனால் மீதி எங்கிருந்து வந்தது? 'இறக்குமதி' என்றாலே போதும். மாமாவின் மாங்காய் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடும்.

அமெரிக்காவில் நடந்தது பின்வாங்கிய கதை. இறைச்சியில் உற்பத்தி நாட்டைப் போட வேண்டும் என்று அங்கே விதி இருந்தது. கனடாவும் மெக்சிகோவும் உலக வர்த்தக அமைப்பில் வழக்காடி ஜெயித்ததும், 2015 டிசம்பரில் மாட்டிறைச்சியையும் பன்றி இறைச்சியையும் அந்த விதியிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

ஐரோப்பிய ஒன்றியம் தேனுக்குக் கொண்டுவந்திருப்பதுதான் என் தேர்வு. பல நாட்டுத் தேனைக் கலந்த பாட்டிலில் முன்பு 'ஒன்றியத்துத் தேனும் வெளித் தேனும்' என்று பொதுவாக எழுதித் தப்பிக்கலாம். 2026 ஜூன் 14 முதல் நாடுகளின் பெயர்களை, அளவு வரிசைப்படி, சதவீதத்தோடு போட வேண்டும். இதே முறை மாம்பழ ஜூஸுக்கும் வர வேண்டும், ஆஸ்திரேலியப் பட்டை மாதிரி பாட்டிலின் முன்பக்கத்திலேயே.

மாமாவிடம் சொன்னேன். "இந்தியான்னு போட்டா போதாதா?" என்றார். எனக்குப் போதாது, கிருஷ்ணகிரி என்றும் இருக்க வேண்டும்.