திருகோணமலையில் ஒரு வேதபாட வகுப்பு: நிருபங்கள் முதல் வெளிப்படுத்தின விசேஷம் வரை

திருகோணமலை நகரில், உள்துறைமுகத்துக்கு அண்மையிலுள்ள தேவாலய மண்டபம் ஒன்றில் சனிக்கிழமை மாலைகளில் நடைபெறும் வேதபாட வகுப்பின் ஒரு சுற்று அண்மையில் நிறைவுபெற்றது. ஓய்வுபெற்ற போதகர் ஒருவர் கற்பிக்கிறார். மெதடிஸ்த சபையாரும் அங்கிலிக்கரும் கத்தோலிக்கரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து, அவரவர் வேதாகமப் பதிப்பை விரித்து வைத்துப் படிக்கின்றனர். கட்டணம் எதுவும் இல்லை. பாடத்தாள்களைப் பிரதி எடுக்கும் செலவை மட்டும் பகிர்ந்துகொள்கிறோம். அடுத்த சுற்றில் சேர எண்ணுவோருக்காக இதனை எழுதுகிறேன்.

வேதாகமத்தில், முதல் நூற்றாண்டின் அப்போஸ்தலனாகிய பவுல் சபைகளுக்கு எழுதிய நிருபங்கள், அதாவது கடிதங்கள், பெரும்பாலும் நீளத்தின்படி அடுக்கப்பட்டுள்ளன. ஆகவேதான் ரோமர் முதலில் நிற்கிறது. இவ்வகுப்பு அந்த வரிசையை விடுத்து, ஏறத்தாழ கி.பி. 50இல் எழுதப்பட்டதாகப் பெரும்பாலான அறிஞர் கருதும் தெசலோனிக்கேயர் முதலாம் நிருபத்தில் தொடங்குகிறது. அந்த ஆண்டுக் கணக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் ஆசிரியர் விளக்கினார். கிரேக்க நாட்டின் தெல்பியில் கிடைத்த கல்வெட்டொன்று கல்லியோன் என்பவன் உரோம மாகாணமான அகாயா நாட்டின் அதிபதியாக இருந்த காலத்தை அறியத் தருகிறது. அப்போஸ்தலர் நடபடிகள் 18ஆம் அதிகாரத்தில் பவுல் கொரிந்துவில் நிறுத்தப்பட்டது அதே கல்லியோனின் நியாயாசனத்துக்கு முன்னால்தான். நம்பிக்கையின் நூலொன்றைக் கல்வெட்டோடு வைத்துக் கணக்கிடும் இந்த முறையை நம் ஊர் மேடைகளில் நான் அரிதாகவே கேட்டிருக்கிறேன்.

நிருபங்களை நிருபங்களாகவே வாசிக்கப் பழக்குவதுதான் இவ்வகுப்பின் முதன்மையான சிறப்பு. கொரிந்தியர் முதலாம் நிருபம் 5:9இல் பவுல் தாம் முன்னரே எழுதிய வேறொரு நிருபத்தைக் குறிப்பிடுகிறார். அது நமக்குக் கிடைக்கவில்லை. 7:1இல் கொரிந்தியர் எழுதிக் கேட்ட காரியங்களுக்கு மறுமொழி சொல்லத் தொடங்குகிறார்; அவர்களுடைய கடிதமும் நம் கையில் இல்லை. ரோமர் 16இல், பவுல் சொல்லச் சொல்ல நிருபத்தை எழுதிய தெர்தியு தானே வாழ்த்துச் சொல்கிறான். அதே அதிகாரத்தின் தொடக்கத்தில் கெங்கிரேயா சபையின் பெபேயாளை ஏற்றுக்கொள்ளுமாறு பவுல் கேட்டுக்கொள்கிறார். பவுலின் பெயரில் உள்ள பதின்மூன்றில் ஏழு நிருபங்களையே அறிஞர் ஏறத்தாழ அனைவரும் ஐயமின்றி அவருடையவை என ஏற்கின்றனர் என்பதையும் ஆசிரியர் மறைக்காமல் சொன்னார். மூத்தவர் சிலருக்கு அது உவப்பாக இல்லை. ஆசிரியர் வாதத்தை வளர்க்காமல், இரு தரப்புக் காரணங்களையும் கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த பகுதிக்குச் சென்றார்.

இந்தப் பயிற்சியின் பலன், வேதாகமத்தின் இறுதி நூலான வெளிப்படுத்தின விசேஷத்துக்கு வரும்போதுதான் முழுமையாகத் தெரிகிறது. அந்நூலும் 1:4இல் ஒரு நிருபத்துக்குரிய வாழ்த்தோடு தொடங்கி, 22:21இல் பவுலின் நிருபங்களைப் போலவே கிருபையைக் கூறி முடிகிறது. ஆகவே இது யாருக்கு, எந்த நெருக்கடியில் எழுதப்பட்டது என்ற கேள்வியை இங்கும் கேட்கலாம். உரோமப் பேரரசன் தொமித்தியானுடைய ஆட்சியின் (கி.பி. 81–96) இறுதியில் யோவான் இக்காட்சியைக் கண்டார் என்கிறார் இரண்டாம் நூற்றாண்டின் ஆயரான ஐரேனியு. எபேசுவில் தொடங்கி லவோதிக்கேயாவில் முடியும் ஏழு சபைகளின் வரிசை, ஆசியா நாட்டில் (இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியிலிருந்த உரோம மாகாணம்) கடிதம் கொண்டு செல்பவன் சுற்றிவரக்கூடிய பாதையாகவே அமைந்துள்ளது.

லவோதிக்கேயாவுக்குச் செலவிட்ட மாலை மறக்க முடியாதது. கி.பி. 60இல் நிலநடுக்கத்தால் சிதைந்த அந்நகரம் உரோமின் உதவியின்றித் தன் செல்வத்தாலேயே எழுந்தது என்று தாசித்து என்னும் வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார்; 'எனக்கு ஒரு குறைவுமில்லை' என்ற அந்தச் சபையின் பேச்சை அதனோடு சேர்த்துப் படித்தோம். குளிருமின்றி அனலுமின்றி இருக்கும் நிலையைப் பற்றிய வசனத்துக்கு, அருகிலிருந்த எராப்போலியின் வெந்நீரூற்றையும் கொலோசெயின் குளிர்ந்த நீரையும் சுட்டி, கன்னியா வெந்நீரூற்றின் நீரைக் குடத்தில் எடுத்து நகருக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்று கேட்டார் ஆசிரியர். வகுப்பு முழுவதும் உடனே புரிந்துகொண்டது. ஆயினும், எல்லா அறிஞரும் ஏற்காத ஒரு விளக்கத்தை முடிந்த முடிவாகவே அவர் கூறியது எனக்குக் குறையாகப் பட்டது. நிருபங்களை எழுதியவர் யார் என்பது பற்றிக் காட்டிய நிதானத்தை இங்கும் காட்டியிருக்கலாம்.

பதின்மூன்றாம் அதிகாரம் மிகச் சிறப்பாகக் கையாளப்பட்டது. பழைய ஏற்பாட்டின் தானியேல் 7இல் சிங்கம், கரடி, சிறுத்தை எனத் தனித்தனியே எழும்பும் மிருகங்கள் இங்கே ஒரே மிருகத்தில் இணைந்திருப்பதை அருகருகே வைத்துக் காட்டினார். அம்மிருகத்துக்குரிய 666 என்ற இலக்கம், உரோமப் பேரரசனைக் குறிக்கும் 'நீரோ கைசர்' என்பதன் கிரேக்க வடிவத்தை, ஒவ்வொன்றும் ஓர் எண்ணையும் குறிக்கும் எபிரெய எழுத்துகளில் எழுதிக் கூட்டினால் கிடைக்கிறது. இலத்தீன் வடிவத்தில் ஓர் எழுத்துக் குறைவதால் 616 வருகிறது. எகிப்தின் ஒக்சிரிங்குவில் கிடைத்த பழைய பாப்பிரசு ஏடொன்றில் 666க்குப் பதிலாக 616 என்றே இருக்கிறது. சுனாமிக்குப் பிறகும் போருக்குப் பிறகும் ஒவ்வொரு புதிய தலைவரையும் அந்த இலக்கத்தோடு பொருத்திக் காட்டும் துண்டுப் பிரசுரங்களைப் படித்தவர்களுக்கு இக்கணக்கு ஒன்றே போதுமான மருந்து. முன்பு நான் பயின்ற அஞ்சல்வழிப் பாடமொன்று இறுதிக்கால அட்டவணையை மனப்பாடம் செய்ய வைத்ததே தவிர, அந்நூலை முதலில் கேட்ட மக்களைப் பற்றி ஒரு வரியும் சொல்லவில்லை.

குறைகளும் உண்டு. எபிரெயர், யாக்கோபு, பேதுரு ஆகிய நிருபங்கள் ஒரே மாலையில் அவசரமாக முடிக்கப்பட்டன. ஆயிரமாண்டு அரசாட்சியைக் கூறும் இருபதாம் அதிகாரத்தில் பண்டைத் திருச்சபை ஆசிரியர்களான பப்பியாவின் நேர்ப்பொருளுக்கும் அகுஸ்தீனுவின் உருவகப் பொருளுக்கும் இடையிலான வேறுபாடு தொட்டுக்காட்டப்பட்டதே தவிர விவாதிக்கப்படவில்லை. ஏனோக்கு, நான்காம் எஸ்றா போன்ற காட்சிகளாக மறைபொருளை வெளிப்படுத்தும் யூதத் திருவெளிப்பாட்டு நூல்களிலிருந்து ஒரு பக்கமாவது தரப்பட்டிருந்தால் இவ்விலக்கிய வகை இன்னும் தெளிவாகியிருக்கும். பாடத்தாளிலுள்ள ஆசியா நாட்டு வரைபடம் பிரதிமேல் பிரதி எடுத்ததால் கறுத்து, ஊர்ப் பெயர்களை வாசிக்க இயலாதபடி இருந்தது.

வேதாகமத்தை ஒருமுறையாவது முழுமையாக வாசித்தவர்களுக்கே இவ்வகுப்பு ஏற்றது. ஆராதனையின் நீட்சியை எதிர்பார்த்து வருவோர் ஏமாற்றமடைவர். நல்ல வரைபடங்கள் உள்ள வேதாகமம் இருந்தால் கையோடு கொண்டு செல்லுங்கள். வகுப்பு சில மாலைகளில் குறித்த நேரத்தைத் தாண்டி நீள்வதால், மூதூர், கிண்ணியாப் பக்கமிருந்து வருவோர் திரும்பிச் செல்ல என்ன வாகனம் என்பதை முன்னரே ஏற்பாடு செய்துகொள்வது நல்லது.