எம்ஜிபி காருக்குப் பாயிண்ட்டா, எலக்ட்ரானிக் இக்னிஷனா?

1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டனில் தயாரான எம்ஜிபி ரோட்ஸ்டர் என்ற திறந்த ஸ்போர்ட்ஸ் காரை வீட்டிலேயே பழுதுபார்ப்பவர்கள், இன்ஜின் திக்கித் திணறும்போது பழைய பாயிண்ட்டையே (தீப்பொறிக்காக மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சிறு சுவிட்ச்) வைத்துக்கொள்வதா, அதே வேலையை மின்னணு முறையில் செய்யும் எலக்ட்ரானிக் மாட்யூலுக்கு மாறுவதா என்று தயங்குகிறார்கள்.

செலவு: பாயிண்ட்டும், அதன் முனை கருகாமல் காக்கும் கண்டென்சரும் மலிவானவை.
மாட்யூலின் விலை அதிகம்.

பராமரிப்பு: பாயிண்ட்டின் குதிகால் (சுழலும் கேமில் உரசும் பகுதி) தேயத் தேய அதன் முனைகளின் இடைவெளி சுருங்கி டைமிங் (தீப்பொறி எழும் நேரம்) பின்தங்குவதால், கேமின் மேட்டு முனை பாயிண்ட்டை முழுதாகத் திறந்து நிற்கும்படி இன்ஜினைச் சுழற்றி, ஃபீலர் கேஜால் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடு) 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் அவ்வப்போது திருத்த வேண்டும்.
மாட்யூலில் தேய எதுவுமில்லை.

பழுது கண்டறிதல்: இங்குதான் என் மனம் பாயிண்ட் பக்கம் சாய்கிறது. கருகிய முனை கண்ணுக்கே தெரியும். உப்புத்தாளால் தேய்த்து வீடு வந்து சேரலாம்.
மாட்யூல் செயலிழந்தால் வெளியே ஓர் அறிகுறியும் தெரியாது.

பொருத்துதல்: தொடக்ககால எம்ஜிபிகள் பாசிட்டிவ் எர்த் (பாட்டரியின் பாசிட்டிவ் முனை காரின் உடலோடு இணைந்த அமைப்பு) கொண்டவை என்பதால், பாட்டரி இணைப்பைப் பார்க்காமல் மாட்யூல் வாங்கக் கூடாது.

நெடுந்தூரம் ஓட்டுபவருக்கு மாட்யூல் ஏற்றது; பழைய பாயிண்ட்டைக் கருவிப்பெட்டியில் வைத்துக்கொள்ளட்டும். ஞாயிறுகளில் மட்டும் வண்டியை எடுப்பவருக்குப் பாயிண்ட்டே போதும்.